நர்சம்மாவின் பிள்ளைகள் எழுதும் நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டதைத் தவிர அன்று எங்களால் எதுவும் பேச முடியவில்லை. யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பாவும் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அம்மா படுக்கையில் இருந்த மாதங்களோடு அது நிற்கவில்லை, எங்கள் சின்ன வயதுவரை போய்விட்டது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம்.

வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்தார். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த 5,000 பேரில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி பாக்கி என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டார். “அப்புறம் போட்டுக்கிறேன் நர்சம்மா” என்று சொன்னவர்களிடம், “தண்ணி எடுத்துட்டு வா, நான் பார்க்கணும்” என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அந்தத் திண்ணைகளில் அம்மாவுக்கு மோரும் சோறும் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. அவர் பாதி நாள் பட்டினியாகக் கிடக்காமல் இருந்தது உங்களால்தான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் வைத்த பெட்டியில் மருந்தை எடுத்து வர வேண்டும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அது மருந்து. வெயில் ஏறுவதற்குள் ஊர் வந்து சேர அம்மா பதறுவார். பெட்டியோடு அவர் ஓடி வருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்த பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியதிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு முகாமையும் அவர் விட்டதில்லை. 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று அறிவித்த செய்தியைப் பார்த்துவிட்டு அழுதார். நாங்கள் கல்யாணமாகிப் போனபோதுகூட அப்படி அழவில்லை.

108 ஆம்புலன்ஸ் 2008-இல்தான் வந்தது. அதற்கு முன்பு, நடுராத்திரியில் வலி கண்டால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அம்மா பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அந்த இரவுகளில் எங்களைத் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்துக்கொண்டவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. காலையில் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது தோப்புத் தெரு அத்தை. எத்தனை வருஷம் அத்தை! ஒருநாள்கூட நீங்கள் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை.

அம்மா எங்களை விட்டுவிட்டு ஊரைப் பார்த்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதக் கடைசியில் அறிக்கை எழுத விடிய விடிய விளக்கு எரியும். அவர் பதிவேட்டில் கோடு போட, அவர் மடியை ஒட்டி உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போட்டோம். எங்கள் மூவரின் படிப்பும் அந்தத் தரையில் நடந்ததுதான். எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, காலையில் தூங்காத கண்ணோடு வேலைக்குப் போவார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். முகாம்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போடவும் வைட்டமின் ஏ கொடுக்கவும் அம்மா போனார். திரும்பி வந்து பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் எச்சரிக்கை வந்ததுமே, பிரசவத் தேதி நெருங்கியவர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். 16-ஆம் தேதி விடியும் முன் அடித்த காற்றில் எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருந்தார். விழுந்த தென்னைகளை வெட்டி வழி செய்து அப்பாவைத் தங்கள் மாடிவீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மேலத்தெருத் தம்பிகள். அவர்கள் தோப்பும் அன்று மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. அதை விட்டுவிட்டு முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், தம்பி.

புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது என்று தெரிந்தபோது அம்மாவே எங்களுக்குத் தைரியம் சொன்னார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் தேவைப்பட்டபோது வந்து நின்ற பையன்களில் பலர் அம்மா பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள். “டேய், நீ தலைகீழா வந்தவன்தானே?” என்று ஒருவனை அடையாளம் கண்டு சிரித்தார். உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நோய்த்தணிப்புச் செவிலியருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ஃபின் என்றதும் நாங்கள் பயந்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுத்தால் வலி எழும்பாமலே அடக்கலாம், மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள். படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கும் விதத்தை எங்கள் கையைப் பிடித்துக் காட்டினீர்கள். அத்தனை வருஷம் வீடு வீடாகப் போனவரைத் தேடி ஒருவர் வீட்டுக்கே வந்தது அம்மாவுக்குப் பெரிய நிறைவு. நீங்கள் வரும் நாளில் தலைவாரிப் பொட்டு வைத்துவிடச் சொல்வார். அம்மா வலியில்லாமல் தூங்கினார் என்றால் அது நீங்கள் செய்தது.

இரவில் முறைபோட்டு உட்கார்ந்த சித்தி, மதினிமார்கள், கூப்பிட்ட நேரத்தில் வந்து காசு வாங்காமல் போன ஆட்டோக்கார அண்ணன், அம்மாவோடு வேலை பார்த்த அக்காக்கள், பந்தல் போட்டதிலிருந்து பாத்திரம் கழுவியதுவரை பார்த்துக்கொண்ட தெருக்காரர்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்காக வாங்கிய மடக்குக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி மூன்றும் வீட்டில் இருக்கின்றன. நம் சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தேவைப்பட்டாலும் எந்த நேரமும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் கொடுத்தால் போதும். வாடகை எதுவும் கிடையாது. அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நர்சம்மாவின் கணவர், மகள்கள், மகன்