தாத்தா கேப்டன் இல்லை, தம்பி

கீழ்வேளூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் மீட்டிங் என்று பாதியிலேயே ஓடிவிடுகிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். தாத்தா நேதாஜி படையில் கேப்டனாக இருந்தார் என்று உன் சித்தப்பா வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறார். நீயும் கைதட்டி வைத்திருக்கிறாய். அவர் கேப்டன் இல்லை, சாதாரண சிப்பாய். அதற்கு முன்னால் மலாயா ரயில்வேயில் கேங் கூலி, அதாவது தண்டவாளத்தைப் பார்த்துச் சரிசெய்கிற கூட்டத்தில் ஒருவர். அந்தப் பதிவில் ரயில்வே என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு போட்டவள் நான். மகன்களிடம் சொல்லாததையும் கடலை உரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவருடைய அப்பா நாகப்பட்டினம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். 1920களின் கடைசியில் ஒர்க்‌ஷாப் பொன்மலைக்குப் போனது. ஆட்குறைப்பு, 1928இல் பெரிய ஸ்டிரைக், அதோடு அவர் வேலையும் போனது. கடைமடையில் கூலி வேலையை நம்பி எத்தனை பேர் சாப்பிட முடியும்? 1937இல் தாத்தா கப்பலேறினார். அடுத்த வருஷமே மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

வேலை கெமாஸ் பக்கம். மேற்குக்கரைப் பாதையும் கிழக்குக்கரைப் பாதையும் பிரிகிற ஜங்ஷன் அது. விடிந்ததும் பாதை நெடுக நடந்து ஆணி கழன்றிருக்கிறதா, தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற சிலிப்பர் கட்டை உளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஜல்லியைக் குத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். கட்டையைச் சுத்தியலால் தட்டினால் வருகிற சத்தத்திலேயே உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவாராம். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் திண்ணைத் தூணை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரே விழுந்துவிட்டது. ஜப்பான்காரனுக்குச் சயாமிலிருந்து, அதாவது இப்போதைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேண்டியிருந்தது. தண்டவாளத்துக்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்க்கச் சொன்னான். தாத்தாவின் கேங்குக்கும் அதே வேலை. தான் அடித்து இறுக்கின ஆணியைத் தானே பிடுங்கினார். தண்டவாளம் போன பிறகு ஆட்களையும் ஏற்றத் தொடங்கினார்கள். தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அப்படிச் சயாமுக்குப் போய்க் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் ஐ.என்.ஏ. என்கிற இந்திய தேசிய ராணுவத்துக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். தாத்தா பெயர் கொடுத்தார். “மாமா, நாட்டுக்காகச் சேர்ந்தீங்களா, சயாமுக்குப் பயந்தா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “ரெண்டும்தாம்மா. எது எவ்வளவுன்னு இப்ப வந்து கேட்டா நான் எப்படிப் பிரிச்சுச் சொல்றது?” என்றார். நாட்டுக்காக என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் முழுசாக நம்பியிருக்க மாட்டேன்.

பயிற்சியில் கட்டளையெல்லாம் இந்துஸ்தானியில். முதலில் பக்கத்து ஆள் திரும்புவதைப் பார்த்துத்தான் திரும்பினாராம். உன் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு “தேஸ் சல்”, வேகமாக நட, என்று விரட்டியது அந்தப் பழக்கத்தில்தான்.

பர்மாவுக்கு இவர்களை அனுப்பியது அதே சயாம் பாதையில், கூட்ஸ் வண்டியில். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் ஏறும். நாகப்பட்டினத்தில் அப்போது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, மலாயா, சயாம், பர்மா எல்லாமே மீட்டர் கேஜ், அதனால் வண்டிச் சத்தம் அவருக்கு அத்துப்படி. மற்றவர்கள் பாடிக்கொண்டு வர, இவர் சக்கரத்தையே கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு வளைவில் வண்டி நின்றபோது இறங்கிப் பார்த்தார். கட்டைக்கு அடியில் ஜல்லியே இல்லை, வெறும் மண். ஆணி பாதிதான் இறங்கியிருந்தது. தான் பிடுங்கின தண்டவாளமாக இருக்குமோ என்று தடவிப் பார்த்திருக்கிறார், அடையாளம் தெரியவில்லை. அப்புறம் ஆற்றை ஒட்டி மரப் பாலம், அதில் வண்டி ஊர்ந்து போயிருக்கிறது. “சண்டையில சாவோம்னு அப்ப நினைக்கல. இந்தப் பாதை நம்மள அதுவரைக்கும் கொண்டுபோய் விடுமான்னுதான் நினைச்சேன்” என்பார். அந்தப் பாதை ஓரத்தில் புதைத்தவர்களில் தன் லயத்து, கூலி வரிசை வீட்டு, ஆட்கள் எத்தனை பேரோ என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்.

சண்டையைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார். 1945 பிப்ரவரியில் பர்மாவில் பகான் பக்கம் ஐராவதிக் கரையில் இருந்திருக்கிறார், ஐ.என்.ஏ. அதிகாரி தில்லான் தலைமையில். மலாயாத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருந்த படை. பீரங்கி கிடையாது, விமானம் கிடையாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் எப்படியோ அவ்வளவு அகலமாம் ஆறு. அக்கரையிலிருந்து வந்தது பிரிட்டிஷ்காரனின் 7வது இந்திய டிவிஷன். அதிலும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். யாரையாவது சுட்டீர்களா என்று கேட்டேன். அரிசி இல்லாமல் இருந்ததைப் பற்றிச் சொன்னார். நான் மறுபடி கேட்கவில்லை. பிடிபட்டு, வங்காளத்தில் ஜிகர்கச்சா முகாமில் இருந்து, 1946இல் ஊர் வந்து சேர்ந்தார்.

1972இல் மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டுவந்தபோது இவரும் மனுப் போட்டார். ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குத் தாள் வேண்டும், இல்லையென்றால் கூட இருந்த கைதிகளின் சான்று வேண்டும் என்றார்கள். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் மலாயாவுக்கே திரும்பிவிட்டார்கள், மீதிப் பேரை எங்கே போய்த் தேடுவது? கொஞ்ச நாள் அலைந்துவிட்டு விட்டுவிட்டார். உன் அப்பாவுக்கு இன்றைக்கும் அதில் கோபம். நேதாஜி படம் மாட்டாத வீடாக இது இருப்பதற்கும் அந்தக் கோபம்தான் காரணம், தாத்தா இல்லை.

பேத்திக்குச் சொல்வதாக இருந்தால் அந்த மரப் பாலத்தையும் சேர்த்துச் சொல்லு. மேட்டூர் திறந்தாகிவிட்டது என்கிறார்கள், நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்கு டிக்கெட் திறந்ததுமே போட்டுவிடு.

இப்படிக்கு,
அம்மா