புகை வேறு, வேகம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கார் பந்தயக் கட்டுரை, வளைவுகளில் பின்சக்கரங்களை வழுக்கவிட்டுத் திருப்பும் 'டிரிஃப்ட்' முறையே வேகமானது என்று அடித்துச் சொல்கிறது. செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்குப் பக்கத்தில், போத்தனூரில் டயர் கடை நடத்துபவன் நான். தார்த்தளத்தில் இது உண்மையல்ல.

டயர் திரும்பியிருக்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும்போதுதான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். நல்ல பந்தய ஓட்டுநர் அந்த விளிம்பிலேயே காரை ஓட்டுவார். பார்ப்பவருக்கு அது வழுக்குவதாகவே தெரியாது. அதைத் தாண்டினால் பிடி குறையும், டயர் சூடேறும், குறுக்காகத் திரும்பிய சக்கரங்களே காரைப் பின்னுக்கு இழுக்கும். என்ஜினின் சக்தி புகையாகப் போகும். வளைவைவிட்டு மெதுவாக வெளியே வரும் கார், அடுத்துள்ள நேர்ப்பாதை முழுவதும் பின்தங்கியே ஓடும்.

ஜப்பானின் டி1 என்னும் டிரிஃப்ட் போட்டிகளில் ஜெயிப்பவரைத் தீர்மானிப்பது யார் முதலில் வந்தார் என்பதல்ல. கோணம், பாதை, வேகம், ஓட்டும் அழகு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. பார்க்க அருமையாக இருக்கும், நானும் ரசிப்பவன்தான். 'டிரிஃப்ட் மன்னன்' என்று பெயரெடுத்த கேயிச்சி சுச்சியா, 1999 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாமிடம் பிடித்த டொயோட்டாவை ஓட்டிய மூவரில் ஒருவர். அங்கே வளைவுக்கு வளைவு புகை கிளப்பியிருந்தால் டயர் மாற்றவே பொழுது போதாது.

மண் சாலை கதை வேறு. ராலி கார் குறுக்காகச் சரியும்போது சரளை டயரின் வெளிப்பக்கம் வரப்புபோலக் குவிந்து முட்டுக்கொடுக்கும். அங்கே சரிய விடுவதில் லாபம் உண்டு. தார் ராலியிலும் மிகக் குறுகிய கொண்டை ஊசி வளைவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துத் திருப்புவார்கள். காரை வேறு வழியில் அங்கே விரைவாகத் திருப்ப முடியாது. கட்டுரையாளர் இவற்றைப் பார்த்துவிட்டு எல்லா வளைவுக்கும் பொருத்திவிட்டார் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் வழுக்காது. முன்பக்கம்தான் வெளியே ஓடும். அதனால் பின்சக்கரங்களைப் பூட்டி வழுக்கவைக்க, பையன்கள் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார்கள். "ஸ்பீடு ஏறினால் வண்டி அதிர்கிறது, அலைன்மென்ட் பாருங்கள்" என்று என்னிடம் வருகிறார்கள். பின்டயரைக் கழற்றி உள்ளங்கையால் தடவினால் போதும். பூட்டிய சக்கரம் இழுபட்டு, ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். சில டயர்களில் நூலிழையே வெளியே தெரிகிறது. அதற்கு ஒட்டுப் போடவும் முடியாது, பேலன்சிங்கும் உதவாது. பின்டயர் இரண்டையும் புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர்,
போத்தனூர், கோவை.