தண்ணீர் இருந்தால் வெட்டும், போனால் ஒட்டும்

ஓசூர்
ஐப்பசி 9

அன்புள்ள கோமதி,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்று முகத்துக்குப் போடும் க்ரீம் டப்பா. இன்னொன்று சிங்கப்பூரில் உன் மகள் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கிற பவுடர் டின். டப்பாவில் ‘என்சைம் முறையில் தயாரித்தது, கெமிக்கல் இல்லாதது’ என்றும், டின்னில் ‘ஓபிஓ’ என்றும் போட்டிருக்கிறதே, இதெல்லாம் உங்கள் ஃபாக்டரி வேலைதானே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். இதற்கு வாட்ஸப்பில் பதில் தட்டினால் என் கட்டைவிரல் தாங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற மார்ச்சில் எனக்கு ரிடையர்மென்ட். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. சின்னவன் பெங்களூருக்குத் தினமும் போய் வருகிறான், கிடைத்த நேரத்தில் தூங்குகிறான். அவ்வளவுதான்.

என்சைம் என்றால் பயப்படாதே. நொதி என்று பத்தாம் வகுப்பில் படித்து மறந்தது. உன் அம்மா கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, திரித்துக் கஞ்சி காய்ச்சுவார்களே, சாதாரண மாவில் காய்ச்சினால் கரண்டி நிற்கும், அந்த மாவில் காய்ச்சினால் நீர்த்து ஓடும், லேசாக இனிக்கவும் செய்யும். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகிற அமைலேஸ் மாவுச்சத்தின் நீளச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. ஆட்டுக்கறியில் பச்சைப் பப்பாளியை அரைத்துப் போடுவதும் இதே கதை, அங்கே நறுக்குப்படுவது புரதம். ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு வேலைதான் தெரியும். அமைலேஸைக் கறியில் கொட்டினால் கறி வேகாது.

சரி, க்ரீமுக்கு வருகிறேன். சேர்மானப் பட்டியலில் நாலாவதாக ‘மிரிஸ்டில் மிரிஸ்டேட்’ என்று இருக்கிறது பார். நாங்கள் செய்கிற சரக்குகளில் அதுவும் ஒன்று. வெள்ளை மெழுகு, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளகிவிடும். க்ரீம் தடவும்போது வழவழப்பாக இறங்குகிறதே, அதற்காகச் சேர்ப்பது. பெயர் சாதிக்காயின் தாவரப் பெயரிலிருந்து வந்தது. மிரிஸ்டிக் அமிலம் சாதிக்காய்க் கொழுப்பில் நிறைய, நம் தேங்காயெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உண்டு. இந்த அமிலத்தையும் அதற்கேற்ற ஆல்கஹாலையும் சேர்த்தால் ஒட்டிக்கொண்டு ஒரு துளி தண்ணீரை வெளியே விடும். வேதியியல் அவ்வளவுதான்.

பழைய முறையில் இதற்கு வெள்ளீய உப்போ வேறு கடும் அமிலமோ போட்டு, 200 டிகிரிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சவேண்டும். ஒட்டும், ஆனால் மஞ்சள் பாரித்து, காந்தல் வாடையும் வரும். அப்புறம் அந்த வாடையை நீராவி விட்டு எடு, நிறத்தை மண்ணில் வடிகட்டி எடு என்று ஒரு பாடு. பாயசத்தை அடிப்பிடிக்க விட்டு ஏலக்காயை அள்ளிப் போடுகிற மாதிரி. லைபேஸ் என்ற என்சைமை வைத்துச் செய்தால் 60, 70 டிகிரி போதும், சரக்கு வெள்ளையாகவே இறங்கும். ஜெர்மனியில் எவோனிக் கம்பெனி இந்த வழியில் க்ரீம் சரக்குகளைப் பெரிய அளவில் செய்து ரொம்ப காலமாக விற்கிறது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீராத விஷயம் ஒன்று உண்டு. லைபேஸ் கொழுப்பை வெட்டுகிற சாதி. நம் வயிற்றில் நெய்யைச் செரிக்கவைப்பதும் அந்த இனம்தான். அதை வைத்து எப்படி ஒட்டுவது? தண்ணீரை எடுத்துவிட்டால் போதும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் வெட்டும், தண்ணீர் இல்லாவிட்டால் அதே கை திரும்பி ஒட்டும். நாங்கள் பயன்படுத்துவது அண்டார்டிகாவில் வாண்டா என்ற ஏரியில் கண்டெடுத்த ஈஸ்ட்டிலிருந்து வந்தது. அதன் மரபணுவை வேறொரு பூஞ்சைக்குள் வைத்து வளர்த்து, கிடைக்கிற என்சைமைப் பிசின் மணிகளில் ஏற்றித் தருகிறார்கள். பார்க்க வறுத்த ரவை மாதிரி இருக்கும், விலை ரவை மாதிரி இருக்காது. ஒரு தொகுதி முடிந்ததும் வடிகட்டி எடுத்து அடுத்ததற்குப் போடலாம் என்பதால்தான் கட்டுப்படியாகிறது.

போன ஆவணியில் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்டில் ஆசிட் வேல்யூ, அதாவது ஒட்டாமல் மிச்சமிருக்கும் அமிலத்தின் அளவு, 9-இல் நின்றுவிட்டது. ஒன்றுக்குக் கீழே வந்தால்தான் சரக்கு ஆயிற்று என்று அர்த்தம். மணிக்கொரு தடவை சாம்பிள் எடுத்து, பியூரெட்டில் சொட்டு விட்டு, ஃபிளாஸ்க்கில் ரோஸ் நிறம் நிற்கிறதா என்று பார்க்கிறோம். 9, 9, 8.9. புதிதாகச் சேர்ந்த பையன், “மேடம், என்சைம் மணி செத்துப்போச்சு, இன்னும் அஞ்சு கிலோ போடலாம்” என்கிறான். அஞ்சு கிலோ என்ன விலை தெரியுமாடா என்று கேட்டு அவனை உட்காரவைத்தேன். தண்ணீர் ஆவியை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்ப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் ஒழுங்காகத்தான் காட்டியது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மெல்லிய பாலித்தீன் தாளைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் பிடித்துக்கொண்டே வந்தேன். ரியாக்டர் மூடிக்கிட்ட வந்ததும் தாள் சட்டென்று ஒட்டிக்கொண்டது. மூடி இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் வளையத்தில் விரிசல். வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. என்சைம் ஒரு பக்கம் ஒட்ட, இன்னொரு பக்கம் அதுவே வெட்ட, விடிய விடிய உழைத்தும் கணக்கு அதே 9. கேஸ்கெட்டை மாற்றிய ரெண்டு மணி நேரத்தில் 0.7. பையனுக்கு நான்தான் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவு பாடுபட்டும் நேர்மையாகச் சொல்கிறேன், உன் க்ரீமில் இருக்கும் அந்த மெழுகு எந்த வழியில் வந்தாலும் ஒரே பொருள்தான். 200 டிகிரியில் காய்ச்சி நன்றாகச் சுத்தம் செய்ததும் அதுதான், நாங்கள் செய்ததும் அதுதான். மிச்சமாவது எரிபொருள், தோலுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. கெமிக்கல் இல்லாதது என்பதெல்லாம் டப்பா எழுதுகிறவன் சாமர்த்தியம். தண்ணீரே கெமிக்கல்தான். அதற்காக அந்த விலை கொடுக்காதே.

பால் பவுடர் விஷயம் அப்படியில்லை. இதில் என்சைம் இல்லாமல் அந்தப் பொருளே இப்படி அமையாது. கொழுப்பு என்பது மூன்று கொக்கி உள்ள ஒரு சின்னச் சட்டம் என்று வைத்துக்கொள், கொக்கிக்கு ஒரு அமிலம் தொங்கும். தாய்ப்பாலில் உள்ள பால்மிடிக் அமிலத்தில் 60-70 சதவீதம் நடுக் கொக்கியில் இருக்கும். பாமாயிலில் அதே அமிலம் பெரும்பாலும் ஓரக் கொக்கிகளில். குழந்தை வயிற்றின் லைபேஸ் ஓரங்களைத்தான் கழற்றும். கழன்ற பால்மிடிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு! குடலில் சோப்பு கட்டி, மலம் இறுகும், கொழுப்பும் கால்சியமும் வீணாகப் போகும். நீ பிரசவம் பார்க்கப் போனபோது முதல் பவுடரில் குழந்தை முக்கி முக்கி அழுததாக எழுதியிருந்தாயே, காரணம் இதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், டாக்டரைத்தான் கேட்கவேண்டும்.

மூன்று கொக்கியிலும் பால்மிடிக் உள்ள பாமாயில் கொழுப்பை எடுத்து, ஓரங்களில் மட்டும் கைவைக்கிற லைபேஸைக் கொண்டு அங்கே ஒலியிக் அமிலத்தை மாட்டுகிறார்கள். நடுவில் இருப்பது அப்படியே இருக்கும். ஒலியிக், பால்மிடிக், ஒலியிக், அதுதான் ஓபிஓ. ரசாயன வினையூக்கி போட்டால் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி மூன்று இடமும் மாறிவிடும். 1990களில் லோடர்ஸ் குரோக்லான் என்ற கம்பெனி ‘பீட்டாபோல்’ என்று இதை விற்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால், 1970களிலேயே, யூனிலீவர்காரர்கள் இதே தந்திரத்தை வைத்துப் பாமாயிலிலிருந்து கோகோ வெண்ணெய் மாதிரி வாயில் கரைகிற கொழுப்பு செய்யக் காப்புரிமை கேட்டார்கள். அந்த டின்னை வாங்கச் சொல். தாய்ப்பால் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல், அதில் இருப்பது கொழுப்பு மட்டுமில்லை.

உன் கிணற்றடிப் பப்பாளி இன்னும் காய்க்கிறதா? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விட்ட கோ-2, கோ-5 ரகங்களைப் பால் எடுக்கவும் பயிர் செய்கிறார்கள். விடிகாலையில் பச்சைக் காயைப் பிளேடால் கீறி, வடிகிற பாலை உலர்த்தினால் அதுதான் பப்பைன், கறியின் புரதத்தை நறுக்கும் அந்த என்சைம். நீ கீறாதே, கை அரித்துப் புண்ணாகும். ஏப்ரலில் வந்து பத்து நாள் தங்குவதாக இருக்கிறேன். நல்ல பச்சைக் காய் ஒன்றை எனக்காக மரத்திலேயே விட்டுவை, கறி என் பொறுப்பு. பேரனுக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று நீ இன்னும் சொல்லவே இல்லையேடி.

உன்
விசாலம்