அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்த துவக்கு

அன்பு மச்சான் சிவம்,

கனடாவில் இருந்து உன் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. காதை மூடிய தொப்பியும் தோளில் துவக்குமாகப் பனிக்குள் நிற்கிறவனைப் பார்த்து இவள், “உது ஆர் வெள்ளைக்காரன்?” என்று கேட்டாள். மூக்கை வைத்துத்தான் கடைசியில் ஆளைப் பிடித்தாள்.

நாங்கள் சுகம். உப்புவெளியில் வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. மீன் விலையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். தம்பலகாமத்து வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம். பன்றிக்கு அது எப்படித்தான் தெரியுமோ, ஓர் இரவு காவல் தவறினால் விடியும்போது வரம்போரம் உழுதுபோட்ட மாதிரிக் கிடக்கிறது. அக்காவின் மகன்தான் இப்போது கூடுதலாகக் காவலுக்குப் போகிறான். ஆனால் துவக்கு அவனோடு போகாது. லைசன்ஸ் என் பெயரில், ஆகவே நான் போனால்தான் அதுவும் போகும். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்து வெடிதான், துவக்கால் சுட்டால் வழக்கு. வருடக் கடைசியில் மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு ஓடி லைசன்ஸைப் புதுப்பிக்கிற வேலையும் ஒருவாறு முடிந்தது. 1916இல் வெள்ளைக்காரன் போட்ட சுடுகலன் சட்டம் இன்னும் எங்களை வருடாவருடம் ஓட வைக்கிறது. டிசம்பர் 31 தாண்டினால் அதே துவக்கு கள்ளத் துவக்காகிவிடும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வாத்துச் சுட ஒரு பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். “பிள்ளைகள் எல்லாம் தங்கள் தங்கள் வீட்டில், இங்கே நான் ஒருவன்தானே, அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், தோட்டாப் பெட்டி மேல்தட்டில்” என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். எனக்கு மற்றதெல்லாம் மறந்து அந்த வரிதான் மண்டைக்குள் நிற்கிறது.

முதலில் சட்டம். எட்மன்டனில் இருக்கிற எங்கள் பெரியப்பாவின் பேரன் வேட்டைக்குப் போகிறவன். அவனைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். உன்னுடையது போன்ற சாதாரண வேட்டைத் துவக்கை வீட்டில் வைத்தால் உள்ளே தோட்டா இருக்கக்கூடாது. அதோடு ஒன்றில் விசையை அசையவிடாமல் பூட்டுப் போட வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியிலோ அறையிலோ வைக்க வேண்டும். தோட்டாவைத் தள்ளி மூடுகிற போல்ட்டைக் கழற்றக்கூடிய ரைபிள் என்றால் அதைக் கழற்றி வைத்தாலும் சரி. தோட்டா துவக்குக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது, பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் ஒழிய. கைத்துப்பாக்கிக்கு இன்னும் இறுக்கம், ஆனால் அதை 2022 ஒக்டோபர் 21 முதல் உங்கள் நாட்டில் தனியாட்கள் புதிதாக வாங்கவே முடியாதாம், அதை விடு. இவை எல்லாம் வீட்டில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டு வருகிற விதிகள் இல்லை மச்சான். உன் அலுமாரி, உன் மேல்தட்டு இரண்டுமே சட்டப்படி பிழை. லைசன்ஸுக்குப் படித்த கோர்ஸில் இதைத்தானே முதலில் சொல்லியிருப்பார்கள்?

அப்புறம், பிள்ளை இல்லாத வீடு என்றால் ஆளே வராத வீடா? ஹீட்டர் திருத்த வருகிறவன், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிற பெடியன், கிறிஸ்மஸ் லீவுக்குப் பேரப்பிள்ளைகள், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் “எங்கே காட்டு பார்ப்போம்” என்று எழும்புகிற உன் மைத்துனர். கள்ளன் வந்தால் அலுமாரியைத்தான் முதலில் இழுப்பான். களவு போன துவக்கு எங்கே போய் யார் கையில் முடியும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் ஊரில் எந்த வீட்டில் லைசன்ஸ் துவக்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, இரவில் வந்து கதவைத் தட்டினவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதே.

நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். வெல்டிங் கடையில் சொல்லி ஓர் இரும்புப் பெட்டி செய்வித்தேன், ஆள் உயரம், ஒரு சாண் அகலம். அதை நிறுத்தி வைத்தால் போதாது. பின்தகட்டில் துளை போட்டு, உள்ளே இருந்து சீமெந்துச் சுவருக்குள் போல்ட் அடித்திருக்கிறது. வெளியில் ஒரு போல்ட் தலைகூடத் தெரியாது, கழற்ற வேண்டும் என்றால் முதலில் கதவைத் திறக்க வேண்டும். வயலால் வந்தவுடன் வாசலிலேயே துவக்கை மடக்கி, குழலுக்குள் பார்த்து, பார்த்தது போதாதென்று சின்ன விரலையும் விட்டுப் பார்ப்பேன். இருட்டில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. முன்பிடியைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். குழலும் கட்டையும் பெட்டிக்குள். அந்த முன்பிடி வேறு அறையில், வேறு பூட்டுக்குள். யாராவது பெட்டியை உடைத்தாலும் அவனுக்குக் கிடைப்பது ஒரு குழாயும் ஒரு மரக்கட்டையும்தான். உன்னுடையது முன்பிடியை இழுத்துத் தள்ளுகிற பம்ப் துவக்கு என்றால் விசைப்பூட்டு அல்லது கம்பிப்பூட்டு வாங்கு. கம்பிப்பூட்டு எனக்குப் பிடிக்கும், கம்பி தோட்டா இருக்கிற இடத்துக்குள்ளாலேயே போகிறதால் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தானாகவே நிச்சயமாகிவிடும். விசைப்பூட்டை மட்டும் தோட்டா உள்ள துவக்கில் போட்டுவிடாதே, பூட்டுகிற கையாலேயே வெடிக்க வைத்துவிடலாம்.

தோட்டாவை மூடி இறுகிய தகரத்தில், ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களோடு வைக்கிறேன். எங்கள் உப்புக்காற்றுக்கு அதன் பித்தளை அடி பச்சை பூத்துவிடும். துவக்கையும் தோல் உறைக்குள் போட்டுப் பூட்டக்கூடாது, உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உனக்குக் கடல் இல்லை, ஆனால் குளிரால் சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், துடைத்துக் காயவிட்டு வை.

பெட்டியைவிடப் பெரிய தலையிடி சாவி. கதவு நிலைக்கு மேல், சாமிப்படத்துக்குப் பின்னால், அரிசி வாளிக்குள் என்று நம் ஆட்கள் ஒளிக்கிற இடங்கள் எல்லாக் கள்ளனுக்கும் பாடம். நான் என் கழுத்துக் கயிற்றிலேயே போட்டிருக்கிறேன், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. தோட்டாத் தகரத்தின் சாவி வேறு. இவளுக்கு லைசன்ஸ் இல்லை, அதனால் இவளிடம் கொடுப்பதும் இல்லை. ஆரம்பத்தில் கோபித்தாள், “என்னை நம்பவில்லையா” என்று. இப்போது கச்சேரிக்காரன் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதில் அவளுக்கே ஒரு பெருமை. இலக்கப் பூட்டு வாங்கினால் பிறந்த வருடத்தைப் போடாதே, உன் மைத்துனர் முதலில் அமுக்குவது அதைத்தான்.

இனி எழுதுவதைக் கோபிக்காமல் வாசி. பரிமளம் போன பிறகு நீ அந்த வீட்டில் தனியாக இருக்கிறாய். தொலைபேசியில் சிரித்துக் கதைக்கிறாய், ஆனால் பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று அடிக்கடி சொல்கிறாய். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பூட்டு யாருக்கு என்று கேட்டாயே, எனக்கும் உனக்கும்தான். உங்கள் நாட்டில் துவக்கால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் கையாலேயே சாகிறவர்கள் என்று தெரியுமா?

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நான் இதை வேறு வடிவத்தில் பார்த்தவன். 1995 அளவில் தற்கொலையில் இலங்கை உலகத்திலேயே முன்வரிசை. பெரும்பாலும் வீட்டுக் கோடியில் இருந்த பூச்சிமருந்துதான். செத்தவர்களில் கனபேர் சாக வேண்டும் என்று நாள்கணக்காக யோசித்தவர்கள் இல்லை. ஒரு சண்டை, ஒரு பின்னேரம், கையெட்டும் தூரத்தில் போத்தல். கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், பரகுவாட் என்ற களைக்கொல்லியும் 2008க்குப் பிறகு போனது. இருபது வருடத்தில் தற்கொலை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. போத்தல் இல்லாதவர்கள் அதே எண்ணிக்கையில் வேறு வழி தேடிப் போகவில்லை.

ஆனால் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. பாதிக் கிராமங்களில் மருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள், மருந்து குடிப்பது குறையவில்லை. போகப் போகப் பலர் பூட்டாமலே விட்டார்கள். பூட்டினாலும் சாவி வீட்டிலேயேதானே? ஆகவே பெட்டி வாங்கினேன் என்று நீ எழுதினால் நான் முழுதாக நிம்மதிப்பட மாட்டேன். மனம் சரியில்லாத மாதங்களில் துவக்கே வீட்டில் இருக்க வேண்டாம். லைசன்ஸ் உள்ள உன் வேட்டைக் கூட்டாளி யாரிடமாவது கொடுத்து வை, அல்லது வாங்கின கடையில் கேள், வைத்திருப்பார்களா என்று. வாத்து அடுத்த பருவமும் வரும். ராத்திரி எந்நேரம் என்றாலும் எனக்கு எடு, உனக்கு இரவென்றால் எனக்குப் பகல்தான், தேத்தண்ணியோடு இருப்பேன். என்னோடு கதைக்க ஒரு மாதிரி இருந்தால் உங்கள் நாட்டில் 988 என்று ஓர் இலக்கம் இருக்கிறதாம், 2023 கடைசியில் தொடங்கினது, எந்த நேரமும் ஆள் இருக்கும்.

மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், நீயே சொல். இந்தக் கிழமைக்குள் துவக்கு அலுமாரிக்குப் பின்னால் இருந்து எங்கே போனது என்று எனக்கு எழுது. ஆடி அமாவாசைக்குக் கோணேசர் தீர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? போட்டால் திகதியைச் சொல், மாடி அறைக்கு மின்விசிறி மாற்ற வேண்டும்.

உன்,
குணம்
உப்புவெளி, திருகோணமலை