ஆண்டறிக்கை 2024–25: வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குப் படகு போகவேண்டும்?

மாற்றுத்திறனாளிகள் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுத் தோழர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களை இங்கே அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை முகாமுக்கு ஆட்களை அழைத்துப்போனோம். நின்றுபோன பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தோம். சிலருக்குப் பணம் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது, சிலருக்கு இன்னும் இழுபறிதான். டிசம்பர் 3 விழா மட்டும் நடக்கவில்லை. உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று நம்மில் பலர் பள்ளிக்கூட முகாமில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம்.

அந்த வெள்ளத்தைப் பற்றித்தான் இந்த அறிக்கையில் அதிகம் பேசப்போகிறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மேற்கே பெய்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தென்பெண்ணை ஆற்றில் திறக்கப்பட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள் வானிலை அறிஞர்கள். கடலும் காற்றும் சூடாகிக்கொண்டே போனால் இப்படிப்பட்ட மழை இனிமேலும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் சங்கம் வேலை செய்யவேண்டும்.

அணை திறப்பு பற்றி முன்கூட்டியே எச்சரித்தார்களா இல்லையா என்று அரசியல் கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டன. நான் அதற்குள் போகவில்லை. எச்சரிக்கை நம்மிடம் எந்த உருவத்தில் வந்தது என்பதுதான் நம் கேள்வி. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் போனது. காது கேளாத உறுப்பினர்களுக்கு அது போனதே தெரியாது. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு படமாக வந்தது. பார்வையற்றவரின் போன் அதைப் படித்துக்காட்டவில்லை. மின்சாரம் போய் செல்போனும் அணைந்த பிறகு, வீடியோ காலில் சைகையால் பேசுகிறவர்களுக்கு வெளியுலகத் தொடர்பே அறுந்துவிட்டது. செய்தி கிடைத்தவர்களுக்கும் கிளம்ப வழியில்லை. முழங்கால் தண்ணீரில் சக்கர நாற்காலி நகராது. முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டு உண்டு, சாய்தளம் கிடையாது. கழிப்பறையோ கட்டடத்துக்குப் பின்னால், சேற்றைத் தாண்டி. இரவில் அங்கே போக முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

இதெல்லாம் யாரோ மனசு வைத்துச் செய்யவேண்டிய உதவி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 8 இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்கவேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் தெரிவிக்க ஏற்பாடு செய்யவேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 11ஆவது பிரிவும் ஆபத்துக் காலப் பாதுகாப்பைத்தான் சொல்கிறது.

அந்தப் பதிவேடு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். ஒரு அலுவலகம் மனுவை இன்னொரு அலுவலகத்துக்கு மாற்றியது, அது மூன்றாவதற்கு அனுப்பியது. இந்த அலைச்சலில் எங்களுக்குப் புரிந்தது ஒன்று: உதவித்தொகை வாங்குவோர் பட்டியல் ஒரு இடத்தில் இருக்கிறது, படகு அனுப்புகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காராதவரை சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

அதனால் தெருவாரியாக நாமே பட்டியல் எடுக்க ஆரம்பித்தோம். செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பும் வந்தது, நியாயமான எதிர்ப்பு. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டு விவரம் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு சகோதரி கேட்டார். மனநலச் சிகிச்சையில் இருக்கும் மகளின் பெயரைக் கொடுக்கப் பெற்றோர் தயங்கினார்கள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சம்மதம் கொடுத்தவர் பெயர் மட்டும் பட்டியலில் ஏறும். நகல் கிராம நிர்வாக அலுவலரிடமும், உறுப்பினரே தேர்ந்தெடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் மட்டும் இருக்கும். என்னைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் முக்கியம். தண்ணீர் ஏறும்போது முதலில் வரக்கூடியவர் அவர்தான்.

நம் படிவத்தில் ஊன சதவீதத்துக்குக் கட்டமே இல்லை. 40ஆ, 75ஆ என்பது படகுக்காரருக்குத் தேவைப்படாது. எத்தனை பேர் சேர்ந்து தூக்கவேண்டும், எப்படிப் பிடித்தால் வலிக்காது, எந்த மாத்திரை, எந்தக் கருவி கூடவே வரவேண்டும், இவைதான் அதில் உள்ள கேள்விகள்.

கருவி என்றதும் நிவாரணம் ஞாபகம் வருகிறது. குடும்பத்துக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள், வாங்கினோம். ஆனால் பேரிடர் நிவாரண நிதியின் வரையறையைப் படித்தால் ஒரு விநோதம் தெரியும். வெள்ளத்தில் கை, கால், கண் போனால் ஊனத்தின் அளவைப் பொறுத்து 74,000 ரூபாயோ 2.5 லட்சமோ உண்டு. மாடு, ஆடு, படகு, வலை, தறி எல்லாவற்றுக்கும் தனித்தனித் தொகை உண்டு. ஏற்கெனவே கால் இல்லாதவரின் மூன்று சக்கர வண்டி அடித்துக்கொண்டு போனால், அதற்கென்று ஒரு வரி கிடையாது. வலை மீனவருக்கு எப்படியோ அப்படித்தான் வண்டி நமக்கு. தண்ணீர் புகுந்த காதொலிக் கருவிகளுக்கும் ஊறிப்போன காலிப்பர்களுக்கும் (காலைத் தாங்கும் கருவி) நாம் புதிதாக மனு போட்டுக் காத்திருக்கிறோம்.

அப்புறம், வெயில். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றும் சொன்னது. நல்லதுதான், ஆனால் சாகும் முன்பே கவனிக்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூட்டை வெளியே தள்ளாது. சில மனநல மருந்துகளும் வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். இப்படிப்பட்டவர்களைத்தான் மருத்துவச் சான்றுக்காகப் பட்டப்பகலில் வரிசையில் நிறுத்துகிறார்கள். கோடையில் முகாம்களைக் காலை நேரத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். நிவாரண வரையறையில் உதவிக் கருவிகளைச் சேர்க்கக் கோருவது ஒன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடக்கும் பேரிடர் ஒத்திகையில் நம் உறுப்பினர்களையும் வைத்து நடத்தக் கோருவது மற்றொன்று. நடக்க முடிந்தவர்களை வைத்து மட்டும் ஒத்திகை பார்த்தால் நமக்கு என்ன பயன்?

தணிக்கை செய்த கணக்கை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. எழுத முடியாதவர்களுக்குத் தம்பிகள் எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்கு முன்பே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், சாப்பிட்ட பிறகு யாரையும் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்