பீர்க்கங்குடுக்கை விதை அனுப்பியிருக்கிறேன்

அம்மாபேட்டை, சேலம்

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உடம்பு தேய்க்கும் நாரை 180 ரூபாய்க்கு வாங்கினேன் என்றாயே, அப்பா சிரித்த சிரிப்பு அடங்க ஒரு நாள் ஆனது. அது உன் ஆத்தா கிணற்றடியில் செருகி வைத்திருந்த பீர்க்கங்குடுக்கைதான், முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடு.

கவரில் 12 கறுப்பு விதை இருக்கிறது. வரிப்பீர்க்கு இல்லை, வழவழவென்று இருக்கும் நுரைப்பீர்க்கு. ஆடி பிறந்ததும் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, அரை விரல்கணு ஆழத்தில் ஊன்று. முளைக்கப் பத்து நாள்கூட ஆகும், தோண்டிப் பார்க்காதே. தொட்டி பெரியதாக இருக்கட்டும். கொடி ஏற பால்கனிக் கம்பியில் கயிறு கட்டிவிடு.

முதலில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ வந்து உதிரும். "எல்லாம் கொட்டுதும்மா" என்று போன் பண்ணாதே, அவை ஆண் பூ. பெண் பூவுக்கு அடியில் விரல் மாதிரி பிஞ்சு ஒட்டியிருக்கும். ஐந்தாம் மாடிக்குத் தேனீ வருமோ வராதோ. காலையில் ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடு.

பிஞ்சில் கூட்டு வைக்கலாம், கசந்தால் மட்டும் கொட்டிவிடு. ஆனால் முதல் இரண்டு காயை நாருக்காகக் கொடியிலேயே காய விட்டுவிடு. இதில்தான் நான் ஏமாந்தேன். போன மார்கழியில் காய் ஒரு முழம் வளர்ந்ததும் ஆசை தாங்காமல் பறித்து உரித்தேன். தோல் சதையோடு பிய்ந்தது, கையெல்லாம் பிசுபிசுப்பு, நார் நனைந்த பஞ்சாகத் துவண்டது. ஏற்காட்டுச் சித்திக்கோ பொறுமைக்குக் குறைவில்லை. ஆனால் 5,000 அடி உயரத்து மூடுபனியில் காய் காயவே இல்லை, உள்ளே பூசணம் பிடித்துவிட்டது. நீ திட்டும் சேலத்து வெயில் அவளுக்கு இருந்தால் காப்பிக்கொட்டை மாதிரி இதையும் காயவைத்துக் குவித்திருப்பாள்.

தை, மாசியில் காய் பழுப்பாகி, கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஆட்டினால் விதை கலகலக்கும். அப்போது பறி. நுனியில் மூடி மாதிரி ஒரு துண்டு இருக்கும், அதைக் கழற்றிவிட்டுத் தலைகீழாக உதறினால் விதை கொட்டும். தோல் அப்பளமாக நொறுங்கும். வராத இடத்தை மட்டும் தண்ணீரில் ஊறவை. அப்புறம் நன்றாக அலசி வெயிலில் போடு. பழுப்புக் கறை இருந்தால் இருக்கட்டும். குளித்ததும் உதறித் தொங்கவிடு, ஈரத்தோடு மூலையில் போட்டால் நாறும்.

பொங்கலுக்கு நீ வரும்போது உன் கொடியில் காய் பச்சையாகத்தான் இருக்கும். பரணில் என்னுடையது நாலு இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. அதுவரை அந்த 180 ரூபாய் நாரையே தேய்.

அம்மா