மெக்கானிக் ஐயா நினைவாக

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்திய இராணுவத்தின் ஈ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர்) பிரிவில் சக்திமான் லாரிகளையும் ஜோங்கா வண்டிகளையும் பழுதுபார்த்து ஓய்வுபெற்றபின், நம் தெருமுனையில் பட்டறை நடத்திவந்த மெக்கானிக் ஐயா கடந்த வாரம் காலமானதை அறிவீர்கள். புல்லட்டைக் கிளப்பச் சொல்லி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டே, எஞ்சின் வால்வை இயக்கும் டேப்பெட்டின் இடைவெளி கூடியிருப்பதைச் சொல்லிவிடுவார். கழற்றிய பழைய பாகத்தை வேஸ்ட் துணியால் துடைத்து, உரியவர் கையில் கொடுத்த பிறகே புதியதைப் பொருத்துவார். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அவர் காசு வாங்கியதில்லை (கொடுத்த கடனைக் கேட்கவும் தெரியாது என்பது வீட்டாரின் நெடுநாள் குறை).

1943இல் தோன்றிய தம் படைப்பிரிவின் நாளான அக்டோபர் 15 அன்று ஆண்டுதோறும் பட்டறையில் இனிப்பு வழங்குவார் என்பதால், அன்று மாலை 6 மணிக்கு அங்கேயே கூடி அவர் படத்துக்கு மலர் வைக்க எண்ணியுள்ளோம். அவர் கைபட்ட வண்டி வைத்திருப்போர் அதிலேயே வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.